கேள்வி மேல் கேள்வி

"ஹிஸ்டரி படிச்சவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில எப்படித் தம்பி வேலை கொடுத்தாங்க?"

முதல் கேள்வியே இப்படி வந்து விழுந்ததும் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். எதிர் சோபாவில் காதலியின் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வருகிற கிளெய்ம்களில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் காலமெல்லாம் அவர் பார்த்துவரும் வேலை. அம்மா இல்லாத வீட்டில் மகளுக்கு எல்லாமே அவர்தான். "அப்பா சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஒழுங்கா பதில் சொல்லு" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போனவன், வலி போய்க் காதலோடு திரும்பி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"சர்டிபிகேட்டைப் பார்த்துக் கொடுக்கலை சார். ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னாங்க. எழுதினேன், ஓடுச்சு."

"ஓடுச்சு" என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "பால் தீர்ந்துபோச்சு போல. கடைக்குப் போயிட்டு வாம்மா."

"நிறைய இருக்கேப்பா."

"அப்ப பிஸ்கட் வாங்கிட்டு வா."

அவனைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் கிளம்பினாள். தெருமுனையில் அவள் திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்ற அவர், வந்து கதவைச் சாத்தினார். மகள் எதிரில் அவமானப்படுத்த வேண்டாம் என்று நினைக்கிறார், நல்ல மனுஷன்தான் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

"எப்ப கத்துக்கிட்டீங்க?"

"சாயங்கால வகுப்பு சார். பகல்ல துணிக்கடையில பில் போட்டுட்டிருந்தேன்."

"கணக்கு நல்லா வருமா?"

இவரிடம் பொய் செல்லாது என்று பட்டது. "ஸ்கூல்ல தட்டுத் தடுமாறித்தான் பாஸ் பண்ணேன். ஆனா அங்க பெரிய கணக்கெல்லாம் வரலை சார். பொறுமைதான் வேணும்."

"வகுப்புல சிரிச்சாங்களா?"

"நல்லாவே சிரிச்சாங்க. ஹிஸ்டரின்னு தெரிஞ்ச அன்னைக்கே 'மன்னர்'னு பேர் வெச்சுட்டாங்க. இப்ப ஆபீஸ்லயும் அதேதான். 'மன்னா, சர்வர் படுத்துடுச்சு, எழுந்து வாங்க'ன்னுதான் போன் வரும்."

அவர் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களைவிட வயசானவங்க யாராவது இருந்தாங்களா?"

"நான்தான் சார் மூத்தவன். மத்ததெல்லாம் காலேஜ் முடிச்ச சின்னப் பசங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. வயதான மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டாரோ என்று அவன் பதறினான். "வயசுன்னா ரொம்ப இல்லை சார், அப்ப எனக்கு இருபத்தெட்டுதான்" என்று ஒட்டு போட்டும் அந்த முகம் தெளியவில்லை.

"வேலை உடனே கிடைச்சுடுச்சா?"

"எங்க சார். ஏறி இறங்காத இடமில்லை. ஒரு இடத்துல, எந்தப் போர் எந்த வருஷம் நடந்துச்சுன்னு கேட்டுட்டு அனுப்பிட்டாங்க."

"வெக்கமா இல்லையா?"

சுருக்கென்றது. "இருந்துச்சு சார். ஆயுசு பூரா பில் மெஷின் முன்னாடி நிக்கறதுக்கு இது பரவாயில்லைன்னு அடுத்த இடத்துக்குப் போனேன்."

"விட்டுட்டு ஓடிடலாம்னு தோணலை?"

இது கல்யாணத்தை மனதில் வைத்துக் கேட்கிற கேள்வி என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தினமும் தோணும். ஆனா நான் எதையும் பாதியில விடற ஆள் இல்லை சார்."

"சரி, ப்ரோக்ராம்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒண்ணுமே தெரியாத ஒருத்தனை டீ போட வைக்கிற மாதிரி சார். அடுப்பைப் பத்த வைங்கறதுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சொல்லணும். சொன்னதை மட்டும்தான் செய்வான்."

"பால் திரிஞ்சிருந்தா?"

"அதையும் நாமதான் முன்னாடியே யோசிச்சுச் சொல்லி வைக்கணும்."

"பாலே இல்லைன்னா? அடுப்பு எரியலைன்னா? வந்தவர் டீயே குடிக்க மாட்டேன்னா?"

"அவ்வளவுதான் சார் வேலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "கண்ணாடி போட்டவங்க நாள் பூரா அந்த ஸ்கிரீனைப் பார்க்க முடியுமா?"

"என் கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. வேணும்னா டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்."

படிப்பு, வயசு, வெட்கம், இப்போது கண். அடுத்து பல்லைக் காட்டச் சொல்வார் போலிருந்தது. அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"சார், நான் சயின்ஸ் படிக்கலைங்கறதுதான் உங்களுக்குக் குறைன்னா நேராவே சொல்லிடுங்க. ஆனா அவ இல்லாம என்னால முடியாது சார்."

"குறையா? யாரு சொன்னா?" என்று அவர் விழித்தார்.

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக எழுந்து வந்து அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நானும் ஹிஸ்டரிதான். அடுத்த மாசத்தோட எங்க ஆபீஸை மூடறாங்க, அவகிட்ட இன்னும் சொல்லலை. அம்பத்திரண்டு வயசுக்காரனை அந்த வகுப்புல சேர்த்துக்குவாங்களா மாப்பிள்ளை?"