சாங்பெட்டோவின் அடியில்

திருவிழாவில் காவல் தெய்வம் சாங்பெட்டோ, பெரிய வைக்கோல் போராகச் சுழன்று ஆடி, கொம்லானின் வாசலில் நின்றது. வழக்கம்போல் அதைக் கவிழ்த்துக் காட்டினார்கள். உள்ளே ஆளில்லை. கவிழ்க்கும்போது எப்போதும் அடியில் தரையில் கிடக்கும் ஆமைக்குப் பதிலாக, மூடிய கிண்ணம் ஒன்று சூடாக இருந்தது.

“உனக்குத்தான் மாப்ளே. பொண்டாட்டி போனதிலேர்ந்து எலும்பும் தோலுமாயிட்டே, தின்னு,” என்றான் பக்கத்து வீட்டுத் தோசு.

கொம்லான் மூடியைத் திறந்தான். மீன் குழம்பு. வாசனையிலேயே மனைவி செனாமியின் கைப்பக்குவம் தெரிந்தது. அவள் இறந்த அன்று காலை, உப்பை அள்ளிக் கொட்டியிருப்பதாகத் திட்டித் தட்டைத் தள்ளியிருந்தான். கோபத்தோடே போய்விட்டாளோ என்று நான்கு மாதமாக அரித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வாய் வைத்தான். உப்பே இல்லை.

“என்னடா சிரிக்கிறே?”

“கொஞ்சம் உப்பு கொண்டா,” என்றான் கொம்லான்.