புள்ளிகளைத் தொட்ட கோடு

“புரொப்பெல்லர் ஓடற ஷெட்ல ஒரே சத்தம், ஆயில். உனக்கு எதுக்கும்மா? நம்பரெல்லாம் உன் டேபிளுக்கே வரும்” என்று, விமான ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று உத்தமன் சார் சொன்னார். “சரி சார்” என்றாள் சிந்து. மூன்று வருடமாக நம்பர்தான் வருகிறது. இன்று, வரைபடம் போடும் பிளாட்டரின் பேனா தாளில் கிறீச்சிட்டு நகர்கிறது. அசையாத இறக்கையைவிடச் சுழலும் புரொப்பெல்லர் பிளேடு தாமதமாகவே ஸ்டால் ஆகும், அதாவது காற்றின் பிடியை இழக்கும் என்று அவள் கணக்கைத் திருத்தியிருக்கிறாள். ஷெட்டில் அளந்த உந்துவிசைப் புள்ளிகளுக்குக் கீழேயே இதுவரை போய்க்கொண்டிருந்த அவள் கணக்கின் கோடு, இப்போது ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கிறது. பெங்களூரின் இள வெயிலில் ஈர மை மின்னுகிறது. சுவருக்கு அப்பால் ஷெட் உறுமுகிறது. டம்ளரில் காபி நடுங்குகிறது. உத்தமன் சார் கண்ணாடியைக் கழற்றுகிறார். “நேர்ல பாத்த மாதிரி போட்டிருக்கியேம்மா!” “பாத்ததே இல்ல சார்” என்கிறாள் சிந்து. “அது சுத்தறத ஒரு தடவை நான் பாக்கணும்.”