எட்டாவது கோயிலில் மூன்று வரம்

தீர்த்தத் தொட்டியில் விரலை வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சிப்பி வடிவத்தில் கல் தொட்டி. வலது ஓரம் உடைந்திருந்தது. அந்த உடைந்த இடத்தில் விரலை விட்டு நோண்டி, அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாள்.

இந்தக் கோயிலுக்கு அவள் ஏற்கெனவே வந்திருக்கிறாள்.

போச்சு.

ஒரு கோயிலுக்குள் முதன்முறையாகக் கால் வைக்கும்போது மூன்று வரம் கேட்கலாம். கேட்டது கிடைக்கும். இது எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் முறை வந்தால் அது சாதாரண ஜெபம்தான். அதற்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும்.

அதனால்தான் இந்தப் பஸ்ஸில் ஏறினாள். சென்னையின் பழைய தேவாலயங்கள் எட்டு, ஒரே நாளில், மதியச் சாப்பாட்டோடு.

கைடு ரெஜினால்டு ஒவ்வொரு வாசலிலும் கட்டிய ஆண்டு, கட்டியவர், கல் வந்த ஊர் எல்லாம் சொன்னார். அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. நேரே உள்ளே போய் முழங்காலிட்டு, கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

மதலேன் அக்காவின் மகனுக்கு விசா. பங்குச் சாமியாரின் பிரசங்கம் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். கீழ்வீட்டு செலஸ்டின் சாருக்கு மூலம் குணமாக வேண்டும். பெயர் சொல்லாமல் கேட்கச் சொல்லியிருந்தார்.

தெரு முழுவதற்கும் கேட்டு முடித்த பிறகும் ஏழாவது கோயிலில் ஒரு வரம் மிஞ்சியது. வீணாகப் போவானேன் என்று மிக்ஸி ஜாருக்குக் கேட்டாள்.

தன்னுடையதை மட்டும் எட்டாவதுக்கு வைத்திருந்தாள். இருப்பதிலேயே பழசு அதுதான் என்று ரெஜினால்டு காலையிலேயே சொல்லியிருந்தார். பழைய இடத்தில் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

அந்தப் பழைய இடத்தில்தான் ஒன்பது வயதில், சித்தி கல்யாணத்தன்று, மூன்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அப்போது மஞ்சள் அடித்திருந்தார்கள். இப்போது வெள்ளை.

முழங்கால்வரை முடி. பந்தியில் இரண்டு ஐஸ்கிரீம். கணக்கு டீச்சருக்கு மாற்றல்.

ஐஸ்கிரீம் அன்றே கிடைத்தது. டீச்சர் மறுவாரமே கிளம்பிவிட்டார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. மிக்ஸி ஜார் ஞாபகம் வந்ததும் இன்னும் கொஞ்சம் வந்தது.

ஜெசிந்தா அவளுக்கு ஒரே மகள். போன கிறிஸ்துமஸ் விருந்தில், கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் ஒரு மொட்டைமாடியில் காபிக்கடை போடப் போவதாக மாப்பிள்ளை சொன்னார்.

"இன்ஜினியர்னு சொல்லித்தான பொண்ணு கேட்டீங்க" என்றார் அவள் புருஷன்.

ஜெசிந்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

பத்து மாதம் ஆகிவிட்டது. அப்பா கூப்பிட்டால் வருவேன் என்கிறாள் மகள். அவள் கூப்பிட்டால் பேசுவேன் என்கிறார் அப்பா. போன் இரண்டு பேர் கையிலும் இருக்கிறது.

இவர்களில் யாராவது ஒருவர் முதலில் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் வரம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கூட வந்த புருஷனைத் தேட வேண்டியதில்லை. மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்த மனிதர். காலையிலிருந்து ஒரு கோயிலுக்குள்ளும் அவர் நுழையவில்லை. வெளியே நின்று கோபுரத்து இடிதாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எங்கே போனாலும் ஒரே ஆண்டவர்தான், இடிதாங்கிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது அவர் கட்சி.

"ஏங்க, எனக்கு இங்க செல்லாது. சின்ன வயசுலயே வந்து கேட்டுட்டேன். நீங்க உள்ள போய்ட்டு வாங்க."

"போய்?"

"கேளுங்க."

"என்னன்னு?"

அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல மறுபடி கோபுரத்தைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

செருப்பைக் கழற்றினார்.

ரெஜினால்டு கை தட்டி எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றினார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். காலையிலிருந்து, தாமதமாக வந்தவர்களிடமெல்லாம் வாட்சைக் காட்டிக் கடுகடுத்தது அவள் புருஷன்தான். அவர்கள் எல்லாரும் இப்போது சந்தோஷமாகத் தங்கள் வாட்சைப் பார்த்தார்கள்.

பதினோரு நிமிடம்.

வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். பேண்ட்டில் இரண்டு முழங்காலிலும் புழுதி.

அவள் பார்த்தாள். தட்டிவிடவில்லை.

"உள்ள வயரிங் எல்லாம் ரொம்பப் பழசு" என்றார்.

"ம்."

முதல் சிக்னல் போனது. இரண்டாவதில் தூறல் ஆரம்பித்தது. அவர் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார்.

மூன்றாவது சிக்னலில் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை கடை மொட்டைமாடியிலதான? இடிதாங்கி வச்சிருக்காங்களா?"

வைத்திருக்கிறார்கள். மேசை நாற்காலி வாங்குவதற்கு முன்பே ஜெசிந்தா அதைத்தான் போட்டாள். அப்பா வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார் என்று அம்மாவிடம் சொல்லியும் இருந்தாள்.

"எனக்கெப்படிங்க தெரியும்" என்றாள்.

மகளின் எண்ணை எடுத்து, போனை அவர் மடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.