அவன் நிரப்பிய கோடுகள்

திருக்கோகர்ணத்து வீட்டுக் கூடத்தில், கண்ணாடி ஓட்டு வெயில் ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் மேல் விழுகிறது. எழுவாய்க்கேற்ற வினை, ‘அவனுடையது’, ‘அவளுடையது’ என்று கோடிட்ட இடங்களையெல்லாம் பென்சிலால் நிரப்பிவிட்டுத்தான் ஆவுடையப்பன் செத்துப்போயிருக்கிறான். திங்கட்கிழமைப் பரீட்சையில் தேறினால்தான் அவன் மனைவி அமிர்தவல்லிக்கு ஆசிரியைப் பயிற்சியில் இடம். யோசிப்பதற்குள் அவள் கண் அவன் விடைக்குப் போய்விடுகிறது. பாதி தப்பு. சிலேட்டில் அதே தப்பு நாலாவது முறையாக விழுகிறது. “மதினி, எங்கண்ணன் மூணு வருசம் பெயிலானது ஊருக்கே தெரியும். போயும் போயும் அதப் பாத்தா எழுதுறது? அழிச்சுட்டுப் படிங்க,” என்கிறாள் நாத்தனார் கண்ணாத்தாள், புளியில் கொட்டை எடுத்தபடி. அமிர்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தில் அவன் விடையை ரப்பரால் தேய்க்கிறாள். கறுப்பு போகிறது, அவன் அழுத்திய பள்ளம் போகவில்லை. சரியான விடையை அதன் மேல் எழுதப் பார்க்கிறாள். பென்சில் முனை வழுக்கி, அவன் எழுத்துக்குள்ளேயே ஓடுகிறது.