பதினாறாம் கட்டம்

பெற்றவளின் பெயருக்கு அரசாங்கம் வைத்திருந்த விலை இருபது டாலர். அறுபத்தாறு வயது மார்லின் கோவாக் பேரம் பேசாமல் கட்டினாள். அவளைத் தத்துக் கொடுத்த நாளில் முத்திரையிட்டுப் பூட்டிய பிறப்புச் சான்று, சட்டம் மாறிய பிறகுதான் நகலாகக் கைக்கு வந்தது. பெயர் கிடைத்தது, பெயருக்குரியவள் இறந்து பல வருடமாகியிருந்தது. ஆனால் சான்றின் பதினாறாம் கட்டத்தில், தாயின் மற்ற குழந்தைகளில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் என்ற இடத்தில், 4 என்று தட்டச்சாகியிருந்தது.

கூடப்பிறந்தவர்களைத் தேடிக் கடிதம் போட்டாள், டி.என்.ஏ. பரிசோதனை செய்தாள். ஒருவரும் அகப்படவில்லை. நகலில் காபி கொட்டியதால் இன்னொன்று வாங்கினாள். அதில் 3 என்றிருந்தது. கண்ணை நம்பாமல் கோடையில் மறுபடி வாங்கினாள். அதிலும் 3. கொஞ்சம் நிம்மதியாக வீடு திரும்பினாள்.

இன்று நான்காவது நகலுக்காகப் பனியில் இரண்டு மணி நேரம் காரோட்டிப் பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

"மறுபடியுமா மேடம்? வீட்டுச் சுவரெல்லாம் இதையே ஒட்டப் போறீங்களா?" என்றான் கவுன்ட்டரில் இருந்த டார்னெல்.

"பதினாறுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லு."

"ஒண்ணு. அந்தக் காலத்துல அடிச்சது மேடம், இனிமே மாறவா போகுது?"

பழைய நகல்களைப் பரப்பிக் காட்ட அவளுக்குத் தெம்பில்லை.

"அந்த ஒண்ணு நான்தானோ?"

அவன் பொடியெழுத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். "இல்லையே, 'இந்தக் குழந்தை நீங்கலாக'ன்னு போட்டிருக்கு."

காருக்குள் உட்கார்ந்து ரசீதின் பின்பக்கம் எழுதினாள்: நகல் நான்கு. கட்டியது எண்பது டாலர். பாக்கி, ஒருவர்.