டீச்சர் போட்ட நாற்காலி

"வாங்கம்மா, வாங்க. யுவஸ்ரீயோட அம்மாயிதானுங்களே? உக்காருங்க" என்று புதிதாக வந்த தீபிகா டீச்சர் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

மைதிலிக்குத் திக்கென்றது. அவள் யுவஸ்ரீயின் பாட்டி அல்ல, பெற்றவள். வயது இருபத்தொன்பது.

"அம்மாயின்னு யாருங்க சொன்னது?"

"உங்க பேத்திதானுங்க. கேட்டுல உங்களப் பாத்ததுமே, 'எங்க அம்மாயி வாராங்க மிஸ்'னு ஓடி வந்து சொன்னா. அவங்க அம்மா வரலீங்களா?"

ஒன்றாம் வகுப்பு யுவஸ்ரீ சுவரில் இருந்த யானைப் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளி!

டீச்சரைக் குறை சொல்ல முடியாது. மைதிலிக்கு வந்த நோய் அப்படி. எலாஸ்டிக் போன பாவாடை மாதிரி கன்னமும் கழுத்தும் தளர்ந்து தொங்கிவிட்டன. "தோலை இழுத்துப் பிடிக்கிற நார் அழிஞ்சுபோச்சும்மா. ரொம்ப அபூர்வமா வர்றது. யாருக்கும் ஒட்டாது" என்றார் சேலத்து டாக்டர். அதற்கப்புறம் சொந்த ஊரான எருமப்பட்டியில் அவள் தலைகாட்டியதே இல்லை. பெற்றோர் கூட்டமாயிற்றே என்று இன்றைக்குத்தான் துணிந்து வந்தாள்.

"அவ அம்மாவுக்கு வேலைங்க" என்று சமாளித்தாள். கொடுத்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

கேட்டைத் தாண்டியதும் வெடித்தாள்.

"பெத்தவள அம்மான்னு சொல்ல வெக்கமா சாமி? இனிமேல் நான் எங்கயும் வரல, போ!"

யுவஸ்ரீ உதட்டைப் பிதுக்கினாள்.

"வெக்கமெல்லாம் இல்ல. ராசிபுரத்துல மாமன் ஊட்டு விசேஷத்துல அம்மான்னுதான் சொன்னேன். எல்லாரும் உன்ற மூஞ்சியவே பாத்து, 'அய்யோ, இந்த வயசுலயா'ன்னாங்க. நீ ஊட்டுக்கு வந்து அழுத. அம்மாயின்னு சொன்னா சேர் போடறாங்க, டீ தாராங்க. யாருமே அய்யோன்னு சொல்றதில்ல."

மைதிலி நடுரோட்டிலேயே குனிந்து மகளைக் கட்டிக்கொண்டாள். முந்தானையால் இரண்டு பேர் முகத்தையும் துடைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"மறுபடியும் எங்கம்மா போறோம்?"

"உங்க மிஸ்கிட்ட. இப்ப அம்மான்னே சொல்லு கண்ணு. சேர் போடாட்டி நின்னுக்கறேன்."