சுற்றுச்சுவர்

தியானம் முடிந்த கையோடு தேவாலயப் பங்கின் இளையோர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். மழையில் இடிந்த சுற்றுச்சுவரை எழுப்பிக் கொடுப்பதுதான் இந்த ஆண்டுச் சேவை. தலைவர் ரெஜிஸ் பழைய அஸ்திவாரத்தை ஒட்டி முளையடித்து, நூல் கட்டிவிட்டுச் சாந்து குழைக்கப் போனார்.

நூலுக்கு வெளியே, எருக்கஞ்செடிக்கு அடியில், அந்த இளையோரில் ஒருத்தியான டெல்பினாவின் தம்பி புதைந்து கிடந்தான். தானே உயிரை மாய்த்துக்கொண்டவனுக்கு மந்திரித்துப் புனிதமாக்கிய மண்ணில் இடமில்லை என்று அன்றைக்கு ஊர் சொல்லிவிட்டது. டெல்பினா யாரிடமும் கேட்கவில்லை. முளைகளைப் பிடுங்கி எருக்கஞ்செடிக்கு அப்பால் அடித்தாள்.

சாந்துச் சட்டியோடு திரும்பிய ரெஜிஸ் நூலைப் பார்த்தார், பிறகு அவளை.

“சுவரு வளைஞ்சு போவுமே, பிள்ள.”

“தெரியும்ணே.”

அவர் சட்டியை இறக்கி வைத்தார். குனிந்து, தொய்ந்து கிடந்த நூலை இழுத்து இறுக்கிக் கட்டினார்.

“கல்ல எடுத்துத் தாங்க, மக்கா.”